அடித்துண்டு

எட்டுப் போடுவது போலத் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் ஒரு பக்கம் மெலிந்து ஒரு பக்கம் தடித்து நிற்கும், நேராக இழுத்தால் கோடு விழும், எட்டுதான் சரி. கண்ணாடிப் பலகையில் ஒரு சிட்டிகை கார்போரண்டம் தூள், நாலு சொட்டுத் தண்ணீர், மூன்று விரலுக்குக் கீழே கல் ஒட்டிய சிலைடு, எட்டு, எட்டு, எட்டு. ஸ்கூட்டர் லைசென்ஸுக்கு எட்டுப் போடத் தெரியாமல் இரண்டு தடவை காலை ஊன்றிவிட்டுத் தலைகுனிந்து வந்தவள் நான், இதில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன், இருபத்தொன்பது வருஷப் பழக்கம். வெளியே வராந்தா பெஞ்சில் பூவாயி உட்கார்ந்திருக்கிறாள். பதினொரு மணிக்கு வந்தாள், இப்போது மணி இரண்டரை. சிலைடு ஓடிக்கொண்டிருக்கிறது, பாதியில் விட முடியாது என்று அட்டெண்டர் தனிஸ்லாஸிடம் சொல்லி அனுப்பினேன். பொய். பாதியில் விடலாம், ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டுக் காசிக்கே போய்விட்டு வரலாம், பன்னிரண்டு கோடி வருஷம் மண்ணுக்குள் கிடந்த கல் இன்னும் ஒரு அரைமணி கிடக்காதா. பூவாயிக்கு முன்னால் போய் நிற்கத்தான் முடியவில்லை. அவள் புருஷன் செங்கமலை மூன்று ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்களிமண் குழியில் மண் சரிந்து செத்துப்போனான். அவனை அங்கே அனுப்பியது நான். அதை ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தா என்று கேட்க அவள் வந்திருக்கிறாள்.

சத்தம் இன்னும் கறகறவென்றுதான் இருக்கிறது, கல் வெளிச்சம் புகுகிற அளவு மெலிந்து சத்தம் சர்ரென்று மாறும்வரை தேய்க்க வேண்டும், மாறிய பிறகு கவனம், அதற்கு மேல் பத்துத் தேய்ப்பு அதிகமானால் கல் போயே போய்விடும், வெறும் கண்ணாடிதான் மிஞ்சும். ஒரே ஒரு வரி. இன்னார் என் சொற்படி வேலைக்குப் போனார். அவ்வளவுதான், பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுகிற லீவு லெட்டரைவிடச் சின்னது. போலீஸ் அறிக்கையில் வேறு எழுதியிருக்கிறது, குடித்துவிட்டு, விடுமுறை நாளில், குழியில் கிடந்த இரும்புச் சாமான் திருட நுழைந்தவர் என்று. குழிக்காரர் சொன்னது அது, அவருக்கும் தன் தலை தப்ப வேண்டும், இல்லையா, நான் அவரைத் திட்டலாமா, திட்ட எனக்கு வாய் இருக்கிறதா. செங்கமலை குடிக்கமாட்டான். எனக்குக் கல் எடுத்துக் கொடுத்த எட்டு வருஷத்தில் ஒரு தடவை வெற்றிலை வாடைகூட வந்ததில்லை. சாவுச் செய்தி வந்த அன்றைக்கே துறைத்தலைவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார், "மேடம், அந்தக் குழியில தோண்ட நமக்கு அனுமதி கெடயாது. வாயத் தொறந்தீங்கன்னா விசாரணை நம்ம மேலதான் திரும்பும். ஒங்களுக்கு இன்னும் பதினோரு மாசம்." பதினோரு மாசம் என்றால் நான் ஓய்வு பெற. அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். எனக்குப் பயமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது, பயத்தைப் பயம் என்று சொல்லாமல் நிதானம், யோசனை, அவசரப்படக் கூடாது என்று மூன்று வாரமாக வேறு வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். என் போனில் அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்து அழைப்பு இன்னும் இருக்கிறது. நாலு நிமிஷம். அழிக்கலாம் என்று எடுப்பேன், அழித்தால் அழித்தவளாகிவிடுவேன் என்று வைத்துவிடுவேன். தண்ணீர் வற்றிவிட்டது, இரண்டு சொட்டு விட்டேன்.

பிரின்சிபால் அறை வாசலில் இரண்டு தொட்டியில் சைகஸ் செடி நிற்கிறது, பார்க்கிறவர்களெல்லாம் குட்டிப் பனை என்பார்கள். பனை இல்லை, பனைக்கு ரொம்ப மூத்தது, பூ என்று ஒன்று உலகத்தில் வருவதற்கு முன்னாலேயே இருந்த சாதி. அது ஒரு சமயத்தில் கொத்தாக இலை விடும், அப்புறம் சும்மா இருக்கும், சும்மா இருக்கும்போது இலைக்குப் பதிலாகச் சின்னச் சின்னச் செதில் விடும், பிறகு மறுபடியும் கொத்து. இலை விழுந்தாலும் இலைக்காம்பின் கட்டை தண்டிலேயே நிற்கும், ஆகவே தண்டு முழுக்கப் பெரிய கட்டை ஒரு வரிசை, சின்னது ஒரு வரிசை என்று அன்னாசிப்பழத் தோல் மாதிரி இருக்கும். வேப்பமரத்தை அறுத்தால் உள்ளே வருஷ வளையம் தெரியும், இதற்கு உள்ளே ஒழுங்கான வளையம் கிடையாது, சோற்றுக் கணக்கெல்லாம் வெளியே தோலில்தான். வரிசை அகலமாக இருந்தால் நல்ல மழை, நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால் பட்டினி. இந்தத் தேசம் தென்துருவத்துப் பக்கம் எங்கோ நகர்ந்துகொண்டிருந்த காலத்தில் இங்கே மழை எப்படி, குளிர் எப்படி, மாதக்கணக்கில் செடி தூங்கியதா என்று கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? அந்தக் களிமண் குழியில் கிடைத்த, இதே சாதிச் செடியின் கல்லாகிப்போன தண்டுதான் சொல்லும். நான் அதன் பேச்சைக் கேட்டு எழுதிவிட்டேன். ஆடி மாதம் செங்கமலை எடுத்துக் கொடுத்த இரண்டு துண்டும், குழிச் சுவரில் நின்ற மிச்சத் தண்டின் போட்டோவும் வைத்து எழுதினேன். கீழே வரிசை அகலம், மேலே போகப் போக நெருக்கம், ஆகவே இந்தச் செடி வாழ்ந்த காலத்தில் மண் வறண்டுகொண்டே வந்தது. அனுப்பியும் விட்டேன். ஆய்வுப் பத்திரிகைக்காரர்கள் ஒன்றே ஒன்று கேட்டார்கள், தண்டின் அடிப்பகுதி எங்கே? முளைத்ததிலிருந்து கணக்கு வேண்டாமா? நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வி வந்தது வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை போன் போட்டேன். "செங்கமலை, இன்னும் அடி வேணும்." "எத்தன அடிம்மா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, உனக்கு அளவு அடிதான் தெரியும், நான் சொல்றது மரத்தோட அடி, கீழ்ப்பக்கம், அது இல்லாம ஒண்ணும் சொல்ல முடியாது. அவனுக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. "மழ பேஞ்சிருக்கும்மா. அந்தச் சொவரு பொதபொதன்னு கெடக்கு. அடியில குடையணும்னா..." நாளைக்கு ஞாயிறு, மெஷின் ஓடாது, ஆளும் இருக்கமாட்டார்கள், திங்கட்கிழமை மெஷின் வந்தால் மொத்தத்தையும் அள்ளி லாரியில் போட்டுவிடுவார்கள் என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு, பாத்து எடு என்றேன். பாத்து எடு. மூன்று வாரமாக இந்த இரண்டு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன். பார்த்து எடு என்றுதானே சொன்னேன், போய்ச் சாகு என்றா சொன்னேன். ஆனால் பாத்து எடு என்று யாரிடம்தான் சொல்லமாட்டோம், பஸ் ஏறுகிறவரிடம் சொல்வோம், பாலைச் சுடவைக்கிறவளிடம் சொல்வோம், அது ஒரு வார்த்தையா, போனை வைப்பதற்கு முன்னால் வருகிற இருமல் மாதிரி. "சரிம்மா" என்றான். பன்றியாகி மண்ணைக் குடைந்துகொண்டே போன சாமிக்கே அடி கிடைக்கவில்லை என்று கதை சொல்கிறார்கள், சாமி திரும்பி வந்துவிட்டார்.

தனிஸ்லாஸ் எட்டிப் பார்த்தான். "மேடம், அந்தம்மா சாப்பிடலியாம். கேன்டீன்ல வாங்கித் தரவான்னு கேட்டேன், வேணாங்குது." டீயாவது வாங்கிக் கொடு. "ரெண்டு டீ ஆச்சு மேடம். நாலு மணி பஸ்ஸ விட்டா அது ஊருக்குப் போவ ராத்திரி ஆயிரும்." அவன் என் கையைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், இருபது வருஷமாக இங்கே இருக்கிறவன், எந்த சிலைடு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று என்னைவிட அவனுக்குத் தெரியும். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். போன வாரமும் அவள் வந்தாள். நான் லீவு என்று தனிஸ்லாஸ் சொன்னான். லீவு என்றால் லீவு இல்லை, ஸ்டோர் ரூமில் கல் டப்பாக்களுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன், ஐம்பத்தொன்பது வயதில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒளிந்து விளையாடுகிற பிள்ளை மாதிரி. கதவிடுக்கு வழியாக அவள் குரல் கேட்டது, "இத அம்மாகிட்ட குடுத்துருங்க, அவரு கையில இருந்துச்சாம்." ஒயர் கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வைத்துவிட்டுப் போனாள். துண்டு என்றால் செங்கமலை தோளில் போடுகிற துண்டு, ஊதாக் கரை, அதற்குள் கல். அவனைத் தோண்டி எடுத்தபோது அவன் அதைக் கட்டிக்கொண்டு கிடந்தானாம். அவள் அதைத் தூக்கிக் குப்பையில் எறியவில்லை, என் முகத்தில் எறிய வரவில்லை, பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறாள், கொடுக்க வேண்டியவர்களிடம் கொடுக்க வேண்டும் என்று. அவள் படியிறங்கிப் போகும்வரை நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அந்தக் கல்லை வெட்டினேன். அழுதுகொண்டே வெட்டினேன் என்று சொல்ல ஆசைதான், அழவில்லை, எந்தப் பக்கம் வெட்டினால் நன்றாக வரும் என்றுதான் பார்த்தேன்.

சத்தம் மாறிவிட்டது. கழுவி, துடைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன், மணல்மணிகள் இன்னும் மஞ்சளாகத் தெரிகின்றன, சாம்பல் வெள்ளைக்கு வர வேண்டும், இன்னும் கொஞ்சம். ஆயிரம் நம்பர் தூள். இது கோலமாவைவிட மெல்லிசு, விரலில் ஒட்டினால் தெரியாது. எட்டு, எட்டு. அவன் என்கிறேன். எட்டு வருஷமும் வா, போ, எடு என்றுதான் கூப்பிட்டேன், அவனுக்கு என்னைவிட நாலு வயதுதான் குறைவு. போலீஸ் அறிக்கையில் ‘அவர்’ என்று போட்டிருந்தார்கள், திருட நுழைந்தவர், திருடனுக்குக்கூட ‘அர்’ விகுதி கிடைக்கிறது. அவர். செங்கமலை அவர். வாய்க்கு வரவில்லை, இப்போது மரியாதை கொடுத்து என்ன, வெள்ளம் வந்த பிறகு அணையா. அவனுக்கு நான் கொடுத்தது ஒரு சுத்தியல், ஒரு பிரஷ், ஒரு சிவப்பு நெயில் பாலிஷ். ஈரக்கல்லில் பேனா நிற்காது, நெயில் பாலிஷ்தான் நிற்கும், கல் மண்ணில் எப்படி இருந்ததோ அப்படியே மேல் பக்கம் பார்த்து ஓர் அம்பு போட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். போட்டான். ஒரு கல் தவறாமல் போட்டான், மாணவர்கள் மறப்பார்கள், அவன் மறந்ததில்லை. "எம் மவளுக்குக்கூட இதுவரைக்கும் இந்தச் சாயம் வாங்கித் தந்ததில்லம்மா, கல்லுக்குப் பூசுறேன்" என்பான். கையில் கட்டிக்கொண்டு செத்த கல்லிலும் அம்பு இருந்தது, காய்வதற்குள் மண் விழுந்திருக்க வேண்டும், ஓரத்தில் இழுவியிருந்தது. வேறு என்னவோ ஒன்று சொன்னான். ஆடியில், முதல் துண்டைச் சாக்கில் சுற்றும்போது, அம்பு போட்டுவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து என்னவோ சொன்னான், நான்கூட ஏதோ பதில் சொல்லிச் சிரித்தேனே, நுங்கு பற்றியா, பனை பற்றியா, ஞாபகத்துக்கு வரமாட்டேன் என்கிறது, பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்துகிறது. போதும், இதற்கு மேல் தேய்த்தால் போய்விடும். கழுவினேன்.

மணல் சாம்பல் வெள்ளை. நல்ல சிலைடு, பல வருஷத்துக்குப் பிறகு இப்படி ஒரு சிலைடு வந்திருக்கிறது, ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கமாட்டேன். நெடுக்கில் வெட்டிய வெட்டு. நடுவே தண்டின் சோற்றுப்பகுதி, அதைச் சுற்றி மெல்லிய மரக்கட்டை, அதிலிருந்து இலைகளுக்குப் போகிற குழாய்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியே போகின்றன. அழகாகப் போகின்றன. கீழ்நோக்கிப் போகின்றன. இலைக்குப் போகிற குழாய் உள்ளேயிருந்து வெளியே, மேல்நோக்கித்தான் போகும், எந்தச் செடியும் தரையைப் பார்த்து இலை விடுவதில்லை. மைக்ராஸ்கோப் கவிழ்த்துக் காட்டுவதைக் கழித்துக்கொண்டுதான் பார்த்தேன், சிலைடைத் தப்பாக ஒட்டிவிட்டேன் என்று நினைத்தேன். கண்ணாடியில் நான் கீறிய அம்பைப் பார்த்தேன், சரியாக இருந்தது. வெட்டியது போக மிச்சமிருந்த கல்லைத் தேடி எடுத்தேன், சிவப்பு அம்பு, சரியாக இருந்தது. மறுபடி பார்த்தேன். கீழ்நோக்கி. பீரோவைத் திறந்து ஆடி மாதத்து முதல் துண்டை எடுத்தேன், அதை நான் குறுக்கில்தான் வெட்டியிருந்தேன், நெடுக்கில் வெட்டினால் பாதிக் கல் போய்விடுமே என்று சிக்கனம். குறுக்குவெட்டில் மேல் கீழ் தெரியாது, எங்கள் முதல் வருஷப் பாடம் அது, நானே போர்டில் எழுதிப்போட்டு நடத்தியிருக்கிறேன். லென்ஸை வைத்து உடைந்த ஓரத்தைப் பார்த்தேன். இலைக்கட்டைகளின் உடைந்த முனை அம்புக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அம்பு காட்டுகிற முனையில் தண்டு சட்டென்று குறுகி, வேர் கிளம்பிய தழும்பு மூன்று நாலு, கரையான் அரித்த மாதிரி, நான் ஏதோ அடிபட்ட இடம் என்று நினைத்த தழும்பு. இதுதான் அடி. அடி என்னிடம் இருந்தது. ஆடியிலிருந்து என் பீரோவில், மூன்றாவது தட்டில் இருந்தது. ஏதோ ஒரு வெள்ளம் இந்தத் தண்டைப் பிடுங்கி, அடித்துக்கொண்டு போய், தலைகுப்புறச் சேற்றில் செருகிவிட்டிருக்கிறது. செங்கமலையின் அம்பு சரி. மண்ணில் எது மேலோ அதை அவன் காட்டினான், நான் அதைச் செடியின் மேல் என்று படித்துவிட்டேன். அப்போது நினைவுக்கு வந்தது. "மட்ட வெட்டுன கட்ட மேல பாத்துதானம்மா இருக்கும், பனையில. இது கீழ பாக்குது. தலகுப்புற நிக்கிற மாதிரி இருக்கே." நான் சிரித்தேன். கல்லுக்கு ஏது செங்கமலை தலை என்றேன். அவனும் சிரித்தான், படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சாக்கைக் கட்டினான்.

அப்படியென்றால் வறட்சி இல்லை. நெருக்கமான வரிசைதான் முதலில், அகலமான வரிசை பிறகு, மழை கூடிக்கொண்டே வந்திருக்கிறது, செடி பட்டினியில் பிறந்து செழிப்பில் வளர்ந்து கடைசியில் அந்த மழையாலேயே செத்திருக்கிறது. நான் அச்சுக்கு அனுப்பியது முழுக்கத் தலைகீழ். ஒரு பருவகாலத்தையே கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். அது போகட்டும், கட்டுரை போனால் போகட்டும், யார் படிக்கப்போகிறார்கள், உலகத்தில் எண்பது பேர். நான் கேட்டது என்னிடமே இருந்தது. அவன் சுவருக்குக் கீழே குடைந்து குடைந்து தேடிப் போனது அடியே இல்லை, இன்னும் ஒரு சாண் போயிருந்தால் குருத்து வந்திருக்கும், அடி வரவே வராது, அந்தக் குழியை ஊர்வரை தோண்டினாலும் வராது. இல்லாததை எடுத்து வா என்று அனுப்பியிருக்கிறேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். பலகை பக்கத்திலேயே இருந்தது, தூள் ஈரமாக இருந்தது. இன்னும் பத்துத் தேய்ப்பு. பத்து எட்டுப் போட்டால் இந்த சிலைடு இல்லை, குழாய் இல்லை, மேல் கீழ் இல்லை, ஒருத்தருக்கும் தெரியாது, செங்கமலைக்குத் தெரியும், அவன் எங்கே வந்து சொல்லப்போகிறான். சிலைடைக் கவிழ்த்துப் பலகையில் வைத்தேன். வைத்தேன், பொய் சொல்லவில்லை. இரண்டு தேய்ப்பு தேய்த்தேன். மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது. துணிச்சல் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், அவன் ஆடி மாதம் என் சிரிப்போடு சேர்ந்து சிரித்த முகம் வந்து நின்றது, எனக்கு அருவருப்பாக இருந்தது, என்மேல், என் கைமேல். மணி மூன்றரை. கையைக்கூடக் கழுவாமல், கடிதம் எழுதுகிற பேடை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

பூவாயி எழுந்து நின்றாள். ஒல்லியான உடம்பு, மங்கிப்போன பச்சைச் சேலை, கழுத்தில் ஒன்றும் இல்லாத இடத்தை முந்தானையால் மூடியிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை, நான் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு ஓரமாக உட்கார்ந்தாள். இவ்வளவு நேரம் மனதுக்குள் உருட்டிவைத்திருந்ததைச் சொன்னேன். "பூவாயி, செங்கமலைய நான்தான் போகச் சொன்னேன். எழுதித் தர்றேன்."

அவள் தலையை ஆட்டினாள். "தெரியும்மா. நீங்க போன்ல பேசுறப்ப நான் பக்கத்துலதான சோறு போட்டுக்கிட்டிருந்தேன்." "மவளக் கட்டிக்குடுத்த எடத்துல திருடன் மவன்னு பேசுறாங்க. அதுக்குத்தான் காயிதம் கேட்டேன். ஆனா ஒண்ணு ஒங்க வாயால கேட்டுக்கிட்டுப் போவணும்னு இருந்துச்சு" என்றாள்.

"கேளு."

"அவரு எடுக்கப் போனது ஒங்களுக்கு ரொம்ப வேண்டியதாம்மா?"

கடிதத்துக்கு நான் தயாராக இருந்தேன், வேலை போவதற்கு, விசாரணைக்கு, துறைத்தலைவரின் முகத்துக்கு, எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்தேன். இதற்கு இல்லை. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம். ஆனால் அரைமணிக்கு முன்னால்தானே பார்த்தேன், அது இன்னும் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

"இல்ல பூவாயி. வேண்டியது இல்ல. நான் தலைகீழாப் பாத்துட்டேன். நான் கேட்ட துண்டு ஆடி மாசத்துலயே எங்கிட்ட வந்துருச்சு, எனக்குத்தான் தெரியல. அவர் அன்னிக்கே சொன்னார். நான் கேக்கல."

அவர் என்று வந்தது. அவள் என் கையைப் பார்த்தாள், விரல் இடுக்கில் காய்ந்துகொண்டிருந்த சாம்பல் குழம்பைப் பார்த்தாள். அழுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன், அதில் எது நடந்தாலும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும், அந்த நிம்மதிக்காகத்தான் சொன்னேனோ என்னவோ. அவள் எதுவும் செய்யவில்லை. வராந்தாவில் இரண்டு மாணவிகள் சிரித்துக்கொண்டு போனார்கள், அவர்கள் தாண்டிப் போகும்வரை இருந்தாள்.

"இத வேற யாருகிட்ட சொல்லியிருக்கீங்க?"

"யாருகிட்டயும் இல்ல. இப்பத்தான் எனக்கே தெரியும்."

"சொல்லாதீங்க."

"பூவாயி..."

"சொல்லாதீங்கம்மா. திருடப் போனான்னாங்க. அது பொய்யி, நான் சண்ட போடலாம், மூணு வாரமா அதப் போட்டுக்கிட்டுத்தான் எந்திரிச்சு நடமாடுறேன். வீணுக்குப் போனாருன்னா யாருகிட்டப் போயிச் சண்ட போடறது." முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். "வேணும்னு எழுதுங்க. அது வேணும், அதுக்குத்தான் போனாருன்னு எழுதுங்க."

பேடை மடியில் வைத்து எழுதினேன். மேற்படி செங்கமலை என்பவர் எனது வாய்மொழி உத்தரவின்பேரில் மேற்படி இடத்துக்கு ஆய்வுப் பணிக்காகச் சென்றார். அன்னார் மதுப்பழக்கம் இல்லாதவர், எட்டு ஆண்டுகள் எங்கள் ஆய்வுகளில் நேர்மையாக உழைத்தவர். இதுவரை எழுதியதெல்லாம் உண்மை, பேனா ஓடியது. அடுத்த வரியில் நின்றது. நாளைக்கே கட்டுரையைத் திருத்தி எழுதினால் இந்த வரி பொய் என்று யாரும் எடுத்துக் காட்டிவிடலாம். இந்த வரி நிற்க வேண்டுமென்றால் அந்தக் காலத்து மழையை நான் வறட்சி என்றே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், முதல் துண்டை யாரும் நெடுக்கில் வெட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நான் இருக்கும்வரை. பத்து எட்டுப் போட்டு அழிக்க மாட்டேன் என்று கையை எடுத்துக்கொண்டு வந்தவள் இப்போது பேனாவால் அதையே செய்கிறேன். எழுதினேன். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, தனிஸ்லாஸிடம் கொடுத்துத் துறை முத்திரை வைத்து வரச் சொன்னேன். அவன் படித்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தான், போய் வைத்துக்கொண்டு வந்தான்.

"படிங்கம்மா" என்றாள். படித்தேன். கடைசி வரி வந்தது. "அன்னார் எடுக்கச் சென்ற அடித்துண்டு இந்த ஆய்வுக்கு இன்றியமையாதது."

"அது என்ன வார்த்த?"

"இன்றியமையாதது."

"அப்டின்னா?"

"அது இல்லாம முடியாதுன்னு அர்த்தம்."

அவள் காகிதத்தை வாங்கி அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "இன்றி... மையாதது" என்றாள். தப்பு என்று அவளுக்கே தெரிந்தது. "மவகிட்ட இதத்தான் சொல்லணும், அவுங்க மாமியாருகிட்டயும் சொல்லணும், தப்பாச் சொல்லிறக் கூடாது. இன்னொருக்கா சொல்லுங்க."

நான் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிச் சொன்னாள். இந்த முறை சரியாக வந்தது. இருந்தாலும் அவளுக்கு நம்பிக்கை இல்லை, மறுபடியும் சொல்லச் சொன்னாள். மறுபடியும் சொன்னேன்.